ஒரே எண்ணில் இரண்டு படங்கள்

மாப்ளே,

இன்று காலை பட்டறையில் ஒரு பத்துச் சக்கர லாரியின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். முனைகளெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. கிளீனர் ஸ்பிரேயை எடுத்து ஒரு அடி அடித்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். அந்த நெடி வந்தால் பின்னால் நீ நிற்க வேண்டும். கையில் கேமரா பேட்டரியை வைத்துக்கொண்டு, "மாப்ளே, ஒரே ஒரு பீச்சு" என்று கெஞ்ச வேண்டும். "இத்தாப் பெரிய கேமரா வாங்கறவனுக்கு ஒரு டப்பா ஸ்பிரே வாங்க வக்கில்லியாடா?" என்று நான் கேட்க வேண்டும். எத்தனை வருடமாக நடந்த கூத்து!

திரும்பினால் வெறும் சுவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு டீக்கடை வரை போனேன். டீ சொன்னேன். அது வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். நீ போனதிலிருந்து இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இந்தக் கடுதாசியையே நாலு தடவை எழுந்து போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து இது. சிரிக்காதே. உன் கோடிங்கைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்கு நீ பதிலுக்குச் சிரிக்க வேண்டியதுதான், ஆனால் இப்போது வேண்டாம். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அஞ்சாவது வரை ஒரே பெஞ்சு நாம். அப்புறம் நீ படித்துக்கொண்டே போனாய். நான் லாரி டாஷ்போர்டுக்குள் தலையை விட்டேன், இன்னும் எடுக்கவில்லை. நீ கம்பெனிகளுக்கு வெப்சைட் கட்டிக்கொடுக்கிற ஆளானாய். அது போதாதென்று உனக்கென்று ஒரு தளம் வைத்துக்கொண்டாய். அதில் இல்லாதது கிடையாது. கோடிங் குறிப்பு, புதிதாக வந்த கருவி எதுவானாலும் அதைப் பிரித்துப் போட்டு ஒரு கட்டுரை, போன ஊர், எடுத்த படம். "ஒரு கடையில மளிகையும் வெப்பாங்க, ஜவுளியும் வெப்பாங்க, ஆனா ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டமாட்டாங்கடா" என்று நான் கேலி செய்தால், "எல்லாம் என்ற சொந்த மூட்டை, நான் கட்டறேன்" என்பாய்.

அந்தத் தளத்துக்கு நீ ஒரு விதி வைத்திருந்தாய். எனக்குப் புரியாத எந்தக் குறிப்பும் அதில் ஏறக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் நாமக்கல் வருவாய். கவிழ்த்துப் போட்ட பேட்டரிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்து, அந்த வாரம் எழுதியதைப் படிப்பாய். நான் ஒயரைச் சீவிக்கொண்டே கேட்பேன். "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்பாய்.

"இது என்னை மட்டந்தட்டறதா, மெச்சறதா?"

"ரெண்டுந்தான். நீ மேல படி."

"நீதான்டா படிக்கிறே!"

எனக்கு உன் பாஷை தெரியாது. ஆனால் ஒரு வேலை எந்த இடத்தில் உதைக்கும் என்பது தெரியும். ஒரு தடவை, ஒரே வேலையைக் கணினி திரும்பத் திரும்பச் செய்கிற மாதிரி எழுதுவது எப்படி என்று ஒரு பக்கம் படித்தாய். அதற்கு லூப் என்று பேர் சொன்னாய். நான் கேட்டேன்: "சரி, அது எப்ப நிக்கும்?" நீ திரையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். மறுபடி திரையைப் பார்த்தாய். "அடக் கெரகமே, நிறுத்தறதை எழுதவே இல்லீடா!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அன்றைக்கு எனக்கு இரண்டு பரோட்டா சேர்த்து வாங்கிக் கொடுத்தாய். பட்டறை முழுக்க ஒரு வாரம் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். சட்டையில் காலரே கிழிந்திருந்தது, அது வேறு விஷயம்.

என் பொறுமையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கட்டில் கட்டுகிற ஒரு கருவியை வாங்கி வந்தாய். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் அது அதிர்ந்து, எழுந்திரு என்று சொல்லுமாம். "இதைச் சொல்ல உங்க ஊட்டுல ஆளில்லியா?" என்றேன். நீ அதைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டாய். சாயங்காலம் வரை அது ஒரு தடவைகூட அதிரவில்லை. "உன்ற கையில இதுக்கு வேலையே இல்ல மாப்ளே. நீ உக்காந்தாத்தானே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பனமரத்துப்பட்டி ஏரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது இன்னும் மோசம். ஏதோ ஒரு பறவைக்காக விடியலிலிருந்து காலை முழுக்கக் காத்திருந்தாய். அது வந்து உட்கார்ந்து கழுத்தைத் திருப்புகிற நேரத்தில் நான் எழுந்து சோம்பல் முறித்தேன். பறவை போய்விட்டது. நீ கேமராவை இறக்கிவிட்டு, "சித்த நேரம் உன்னால சும்மா இருக்க முடியாதாடா?" என்றாய். கோபமாகத்தான் கேட்டாய். நான்தான் சிரித்தேன்.

இரு, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஞாயிறு. மறுநாள் ஒரு லாரி ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்று எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும், அதற்கு இண்டிகேட்டர் எரியவில்லை. ஓனர் வாசலில் நின்றுகொண்டு, மூச்சுக்கு மூச்சு "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்றார். நான் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். வெளியே தெரிந்தது கதவுக்கு வெளியில் தொங்கிய என் இரண்டு கால்கள்தான். நீ வழக்கம்போல வந்தாய். பேட்டரிப் பெட்டியை இழுத்துப் போட்டு, என் கால்களுக்கு எதிரில் உட்கார்ந்து படித்தாய்.

போட்டோ எடுக்கிறவர்களுக்கான குறிப்பு அது. ஒரே படத்தை இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வைத்து டிஸ்க் நிரம்பிவிடுகிறதல்லவா? அந்த இரட்டைப் படங்களைத் தானாகக் கண்டுபிடித்து அழிக்கிற சின்ன நிரல். சின்னதுதான், பத்து வரி. இவ்வளவும் இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது உன் குரல் மட்டுந்தான். சொல் ஒன்றும் விழவில்லை. வாயில் இன்சுலேஷன் டேப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நீ படித்து முடித்தாய். "புரிஞ்சுதா மாப்ளே?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது."

"நெசமாலுமா? ஒண்ணுங் கேக்காம உடமாட்டியே."

"சத்தியமாப் புரிஞ்சுதுடா. நெம்ப நல்லாருக்குது. கெளம்பு, அந்தாளு உசுரை எடுக்கறாரு."

நீ என் காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு வந்த ஞாயிறு நான் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். நாம் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு வருவதற்குள், ஒரு காலையில், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய்.

ஆக, உன் காதில் நான் கடைசியாகப் போட்ட சொல் ஒரு பொய். அதுவும் சத்தியத்தோடு.

அதையும் நான் மறந்துதான் போயிருப்பேன். மனுசன் எத்தனையோ பொய்யை மறக்கிறான். ஆனால் உன் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் போனபின் தங்கச்சி போன் செய்தாள். உன் மனைவியை நான் வேறெப்படிக் கூப்பிடுவேன், கல்யாணத்தன்றிலிருந்து தங்கச்சிதானே. "அண்ணா, சித்த ஊட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா?" என்றாள். குரல் சரியில்லை. போனேன்.

உன் மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. அந்தக் குறிப்புக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்ததைக் காட்டினாள். ஆத்தூர்க்காரர். முதலில் மரியாதையாக ஆரம்பித்திருந்தார்: ஐயா, நீங்கள் சொன்னபடி செய்தேன், என் மகள் காதுகுத்துப் படங்கள் பாதி காணவில்லை, என்ன செய்வது? இரண்டு நாள் கழித்து: ஐயா, பதில் சொல்லுங்கள். அப்புறம்: பதில் சொல்ல முடியாதவன் எதற்கு எழுதுகிறாய்? அதற்கும் கீழே இருந்ததை நான் இங்கே எழுதமாட்டேன்.

"அவரு இல்லீங்கறது இந்த மனுசனுக்குத் தெரியாதுங்கண்ணா," என்றாள் தங்கச்சி. "தெனமும் எழுதறாரு. இன்னிக்கு என்ன எழுதியிருப்பாரோன்னு திறக்கவே கை வரமாட்டேங்குது."

"அந்தக் குறிப்பைப் படிங்க தங்கச்சி. மெதுவாப் படிங்க."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நாலாவது வரியிலேயே நான் கையைக் காட்டிவிட்டேன். ஒரே எண்ணுள்ள படம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும் என்றிருந்தது.

"நில்லுங்க. ஒரே நம்பர்னா ஒரே படம்னு எவன் சொன்னான்?"

இதைக் கேட்க நான் படித்தவனாக இருக்க வேண்டியதில்லை, மாப்ளே. லாரிக்குள் இரண்டு மஞ்சள் ஒயர் ஓடும். ஒன்று ஹாரனுக்குப் போகும், இன்னொன்று வைப்பருக்குப் போகும். மஞ்சள்தானே என்று ஒன்றை வெட்டிப்போடுகிறவன் எங்கள் பட்டறையில் ஒருநாள்கூட நிற்க முடியாது. டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரிலும் கத்தி வைக்க மாட்டோம். கேமராவும் அப்படித்தானே? ஒவ்வொரு கேமராவும் ஒன்றிலிருந்து எண்ணைப் போட்டுக்கொண்டே போகும். இரண்டு கேமரா ஒரே விசேஷத்தில் படம் எடுத்தால் இரண்டிலும் ஒரே எண்ணில் வேறு வேறு படம் இருக்குமே. நீ படத்தைக் கேமராவிலிருந்து இறக்கும்போதே தேதியையும் நேரத்தையும் பெயரோடு சேர்த்துவிடுவாய். அதனால் உன்னிடம் அந்தச் சிக்கல் வந்ததே கிடையாது. ஊரே உன்னைப்போல ஒழுங்கு என்று நினைத்துவிட்டாய்.

அன்றைக்கு என் தலை வெளியே இருந்திருந்தால் ஒரே கேள்வியில் நின்றிருக்கும்.

தங்கச்சி மடிக்கணினியை மெதுவாக மூடினாள். பிறகு, "தளத்தையே மூடிரலாமுங்களாண்ணா?" என்றாள். "அவரு பேரைப் போட்டு ஆராச்சும் வையறதை என்னால பாக்க முடியில. மூடிட்டா ஒண்ணுமில்லாமப் போயிரும்."

மூடிரலாம் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. மூடினால் குறிப்பும் போகும், ஆத்தூர்க்காரர் எழுதியதும் போகும், நான் சொன்ன பொய்யும் போகும். சாட்சி நீ ஒருவன்தான். நீ வந்து சொல்லப்போவதில்லை. "யோசிச்சுச் சொல்றேன், வாரேன் தங்கச்சி" என்று எழுந்தேன். வண்டி வரை போனேன். சாவியைப் போட்டேன். எடுத்தேன். மறுபடி உள்ளே வந்தேன்.

"மூட வேண்டாம். தப்பு அவன்மேல இல்ல. என்மேல," என்று எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும், 'மாப்ள கேட்டுட்டான், ஏத்திரலாம்'னு சொன்னாருங்கண்ணா. சாப்பிடக்கூட இல்ல, மொதல்ல அதைத்தான் ஏத்துனாரு," என்றாள்.

அந்தச் சொல்லோடு வீடு வந்து சேர்ந்தேன். எந்த வழியாக வந்தேன் என்று தெரியாது.

தங்கச்சி ஆத்தூர்க்காரருக்குப் பதில் எழுதினாள். நீ இல்லை என்பதை எழுத அவளுக்குக் கை வரவில்லை. உன் சார்பில் ஒருவர் நேரில் வருவார் என்று மட்டும் எழுதி விலாசம் கேட்டாள். அடுத்த ஞாயிறு நான் போனேன். ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு இப்போது வேறென்ன வேலை?

ஜவ்வரிசி மில்லில் சூப்பர்வைசர் அவர். வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நாலு நாளாக மனப்பாடம் செய்த சண்டை முகத்தில் தெரிந்தது.

"சார் ஏன் வரல? மூஞ்சியக் காட்ட முடியலையா?"

"அவரு செத்துப்போயிட்டாருங்க. நீங்க மொதமொதல்ல எழுதறதுக்கு முன்னாடியே."

"அய்யய்யோ. நான் எத்தினி வாட்டி என்னென்னமோ எழுதிட்டேனே," என்றார். அப்புறம்தான் உள்ளே கூப்பிட்டார்.

"வையறதா இருந்தா என்னை வையுங்க," என்று நான் நடந்ததைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவதுங்க. அதுலயும் பாதி நாள் மதில்மேல."

"அப்புறம் உங்ககிட்ட ஏன் படிச்சுக் காட்டினாரு?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ வேடிக்கையான பதில் என்னிடம் உண்டு. உன் காது கேட்க எத்தனை பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்! அன்றைக்கு, "நான் கேள்வி கேப்பேன்னு நம்புனாருங்க" என்றேன்.

அவர் கதை இதுதான். மகள் காதுகுத்துக்கு அவர் மச்சான் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்திருக்கிறார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும். மச்சான் கேமரா ஒன்று, இவருடையது ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. எல்லாப் படத்தையும் ஒரே டிஸ்கில் தனித்தனி ஃபோல்டராக ஏற்றிவிட்டு, இரண்டு கேமராவிலும் இருந்ததை அழித்துவிட்டார்கள்; மச்சான் தன்னுடையதை எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிவிட்டார். இவர் உன் குறிப்பைப் பார்த்து ஓட்டியிருக்கிறார். பந்தியில் இலை போடுகிற படம் இருந்தது, மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிற படம் போய்விட்டது.

"எங்க ஊட்டுல அன்னிலேர்ந்து எங்கிட்ட பேச்சே கிடையாது," என்று குரலை இறக்கிச் சொன்னார். "சோறு வைக்கும், பேசாது. தம்பி படமாச்சே. அடுத்த லீவுக்கு மச்சான் வந்தா அந்த ஆளு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"டிஸ்க் எங்கீங்க?"

"பீரோவுல. பாத்தாலே வயிறு எரியுது, அதான் துணியில சுத்தி வெச்சுட்டேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அதுக்கப்பறம் அதுல எதையும் ஏத்தலீங்களே?"

"தொடவே இல்ல."

மாப்ளே, உன் குறிப்புகளிலேயே எனக்கு முழுசாகப் புரிந்த ஒன்று உண்டு. அழித்த ஃபைல் உடனே அழிந்துபோவதில்லை என்று நீ எழுதியது. அதற்கு உதாரணம் நான் கொடுத்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து அவருக்கு அதையே சொன்னேன்: "லாரியில நம்பர் பிளேட்டைக் கழட்டினா லாரி ஓடிப்போயிருமுங்களா? வேற வண்டியைக் கொண்டாந்து அதே எடத்துல நிறுத்தற வரைக்கும் அது அங்கயேதான் நிக்கும்." அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது.

நீ கருவி வாங்குகிற சேலம் ஃபேர்லேண்ட்ஸ் கடையில் டிஸ்கைக் கொடுத்தோம். தேடிப் பார்க்க மூன்று நாள் ஆகும் என்றார் கடைக்காரர். நான் மூன்று நாளும் போன் போட்டேன். கடைசியில் அவர், "ஏனுங்க, நான் படத்தைத் தேடட்டுங்களா, உங்க போனை எடுத்துக்கிட்டே உக்காந்திருக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த மூன்று நாளில் நான் ஒரு வண்டிக்கு பிரேக் லைட்டை ஹெட்லைட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். விளக்கைப் போட்டால் பின்னால் வருகிறவன் பயந்து நிற்பான். இப்படி ஒரு வேலை நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில்கூடச் செய்ததில்லை.

நாலாம் நாள் ஆத்தூர்க்காரர் மனைவியோடு சேலத்துக்கு பஸ்ஸில் வந்தார். இருவரும் முன்பின் சீட்டில் உட்கார்ந்து வந்த மாதிரித்தான் நடந்து வந்தார்கள். கடைக்காரர் ஒவ்வொரு படமாகத் திறந்தார். நிறைய வந்திருந்தது. சிலது வரவே இல்லை. காது குத்துகிற அந்தப் படம் வந்தது, ஆனால் பாதிதான். மேலே மாமன் முகம் இருந்தது, மீசை இருந்தது. பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறது. ஆசாரியின் கை, விரலில் கம்பி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். சிமெண்டு பூசின மாதிரி.

"மடி வரலையே," என்றார் அவர்.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அந்த அம்மா கிட்டே வந்து, திரையில் பிள்ளையின் முகத்தை விரலால் தொட்டார். "எந்தம்பி மூஞ்சி வந்துடுச்சு. இவ அழறதும் வந்துடுச்சு. இதுக்கு மேல என்னா வேணும்?" என்றார். பிறகு புருசனைப் பார்த்து, "நிக்கறியே, பஸ்ஸுக்கு நேரமாவல?" என்று கேட்டார். அந்த மனுசன் அதற்கே குழந்தை மாதிரி தலையாட்டினார். போகும்போது மட்டும் ஒரு தடவை திரும்பி அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் போய்விட்டார். நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்கே ராசிபுரம் போய், உன் குறிப்புக்கு மேலே ஒரு எச்சரிக்கை போட உட்கார்ந்தோம். தங்கச்சி எழுதினாள், படித்தாள். "புரியுதுங்களாண்ணா?" என்றாள். டீச்சர் அல்லவா, பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. "புரியல" என்றேன். மாற்றினாள். "புரியல." மறுபடி மாற்றினாள். அதற்குள் பட்டறையிலிருந்து போன். ஒரு ஓனர் வந்து நிற்கிறாராம். தங்கச்சி, "இதுதாங்கண்ணா கடைசி, எனக்கு இதுக்கு மேல தெரியாது," என்று படித்தாள். சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்ப என் கால் ஆடியது. ஆடின காலைக் கையால் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா படிங்க" என்றேன். அவள் என்னை முறைத்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். நீ போனபின் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "உங்களை வெச்சுக்கிட்டு அவரு எப்படித்தான் சமாளிச்சாரோ!" என்றாள். கடைசியில் அது இப்படி நின்றது: 'இரண்டு கேமரா வைத்திருப்பவர்கள் இதை ஓட்ட வேண்டாம். எண் ஒன்றாக இருந்தாலும் படம் வேறாக இருக்கலாம். இதைக் கேட்க வேண்டியவன் அன்றைக்குக் கேட்கவில்லை.' கடைசி வரி வேண்டாம் என்றாள் தங்கச்சி. இருக்கட்டும் என்றேன்.

தளத்தை மூடவில்லை. நீ பாதியில் விட்ட குறிப்புகள் கணினியில் நிறையக் கிடக்கின்றன. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ராசிபுரம் போகிறேன். தங்கச்சி ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். எனக்குப் புரிந்தால் ஏற்றலாம் என்று முடிவு. இதுவரை ஒன்றும் ஏறவில்லை, மாப்ளே. எங்கே புரியவில்லை என்று அடையாளம் போட்டு வைத்திருக்கிறோம். அடையாளம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. கேள்வியெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வண்டியை ஓட்டும்போது, சாப்பிடும்போது, ஒயரைச் சீவும்போது ஒவ்வொன்றாக எழுந்து நிற்கிறது. கேட்கிற இடம்தான் இல்லை.

போன ஞாயிறு அவள் படித்தது ஜேடர்பாளையம் அணையில் நீ எடுத்த ஒரு படத்தைப் பற்றி. கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை ரொம்ப நேரம் திறந்தே வைத்து எடுத்த படம். தண்ணீர் பஞ்சு மாதிரி இருக்கிறது. கரையில் ஒரு ஆளும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் உன்னோடு வந்திருந்தேனே! கேமராவுக்கு எதிரிலேயே மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். மீன் வறுவல் வாங்கப் போனேன், வந்தேன், கல்லை எறிந்தேன். நீயும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்று அந்தக் குறிப்பில் எழுதியிருக்கிறாய்: 'இப்படி எடுக்கும்போது குறுக்கே நடப்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அசைந்துகொண்டே இருப்பவர்கள் படத்தில் விழமாட்டார்கள். ஒரே இடத்தில் நிற்பவர்கள் மட்டுமே விழுவார்கள். ஒருவர் படத்தில் விழ வேண்டுமானால்' என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறாய்.

எத்தனை நேரம் நிக்கோணும், மாப்ளே?